பாதி முட்டை விற்காத அக்கா

"அந்த அட்டைய கீழ வைம்மா."

மலைமேல் உள்ள ரிங்லெட் கடைத்தெருவில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அது. கையில் எடுத்த முட்டை அட்டையோடு திரும்பினேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தார். கைலி, அதன்மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். என்னை முன்பின் பார்த்தவரில்லை.

"தூக்கி அடிய பாரு."

தூக்கிப் பார்த்தேன். அட்டையின் ஒரு மூலை நனைந்து கறுத்துப் போயிருந்தது.

"உள்ள ஒன்னு ஒடஞ்சிருக்கு. ஒழுகி ஒழுகி பக்கத்துல உள்ளதையும் கெடுத்துரும். மேல இருந்து பாத்தா எல்லா முட்டையும் சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கும்."

கடைக்காரப் பையன் அலுத்துக்கொண்டான். "நீங்க பாத்து வாங்குங்கக்கா, வேணாங்கல. வர்ற கஸ்டமர எல்லாம் ஏங்கா கெளப்பி விடுறீங்க?"

"ஒன் கஸ்டமர்தாண்டா இது. நாளைக்கும் வரணும்ல?"

அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த அட்டையைத்தான் வாங்கினேன். கடையை விட்டு இறங்கும்போது கூடவே வந்து, கேட்காமலேயே சொன்னார். "ஏ முட்டை, பி முட்டைன்னு போட்டிருக்கான் பாரு, அது நல்ல முட்டை கெட்ட முட்டைன்னு சொல்றதில்ல. எடைதான். ஏ-ன்னா பெருசு, அவ்ளோதான். ஏ முட்டையிலயும் பழசு இருக்கும். வூட்டுக்குப் போயி ஒன்ன தண்ணியில போட்டுப் பாரு. படுத்துச்சுன்னா புதுசு. எந்திரிச்சு நின்னுச்சுன்னா சீக்கிரம் சமச்சிரு. மெதந்துச்சுன்னா இங்க கொண்டாந்து இவன் மூஞ்சியில போடு."

திங்கட்கிழமை தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலைக்குளிர் புதிது. இடைவேளை மணி அடித்ததும் சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று சிற்றுண்டிச்சாலைக்குப் போனால், மேசைக்குப் பின்னால் அதே கம்பளிச் சட்டை நின்றிருந்தது.

"அட, முட்டை டீச்சரா!" என்றார்.

அங்கே இருந்த காலம் முழுவதும் எனக்கு அதுதான் பெயர். என்னை டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியதும் மரியாதை தானாக வந்துவிட்டது. வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஆனால் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிள்ளைகள் அவரைக் கெண்டின் ஆண்டி என்பார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் உள்ளவர்களுக்கு அவர் அக்கா. நானும் அக்கா என்றே அழைத்தேன்.

சிறிய பள்ளி அது. தேயிலை பறிக்க இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் பாதிக்கு மேல் ஈப்போ, கோலாலம்பூர் என்று இறங்கிவிட்டன. மிச்சமிருந்த வீட்டுப் பிள்ளைகளும் ரிங்லெட்டிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளும்தான் பள்ளி. இத்தனை பேரை நம்பிச் சிற்றுண்டிச்சாலை நடத்துவதில் பெரிய லாபமில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் சம்பலுமாய் அவர் கட்டும் நாசி லெமாக்கில் ஒரு முழு அவித்த முட்டை இருக்கும். வேறு பள்ளிகளில் பாதியோ கால்வாசியோ வைப்பார்கள். வந்த புதிதில் நானே கேட்டேன், பாதி வைத்தால் போதாதா என்று.

"நான் பாதி விக்கிறதில்ல டீச்சர்."

முட்டை மட்டுமில்லை. உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிப்பாப் ஒன்றை இரண்டாக வெட்டித் தரச் சொல்லி இரண்டு சிறுமிகள் கேட்டால், ஆளுக்கு ஒன்று கொடுத்து விரட்டிவிடுவார். அது கருணை என்று நினைத்து ஒருமுறை பாராட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாவம் பாத்துக் குடுக்கல. எங்க வூட்டுல முட்டைய நூலு வச்சு அறுப்பாங்க. நாலு துண்டு. மஞ்சக்கரு அண்ணனுங்களுக்கு. எனக்கு ஓரத்து வெள்ளை. எனக்கு ஏன் மஞ்ச இல்லன்னு கேட்டேன். அறை விழுந்துச்சு. பரவால்லன்னு மறுநாளும் கேட்டேன். மறுநாளும் விழுந்துச்சு." கரண்டியால் சம்பல் சட்டியைச் சுரண்டியபடியே சொன்னார். "அன்னிக்கு ஆரம்பிச்சது. இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கேட்பதுதான் அவர். விடிந்தால் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார். குழாயில் ஏன் சேறு வருகிறது என்று தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியிடம். ஊசி போடும்போது கையுறையை ஏன் மாற்றவில்லை என்று கிளினிக்கில். கோயில் திருவிழாவில் பெண்கள் ஏன் கடைசிப் பந்தி என்று பூசாரியிடம். பதில் வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அவருடைய கணவர் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எந்திரம் பார்ப்பவர். மனைவியோடு கடைக்குப் போக நேர்ந்தால் இரண்டு கடை தள்ளியே நின்றுகொள்வார். ஒருமுறை என்னிடம், "எனக்கும் அவங்க கேக்குறது நாயம்னுதான் படும் டீச்சர். ஆனா கேக்குறப்ப பக்கத்துல நிக்க முடியாதுலா" என்றார்.

பக்கத்தில் நிற்க முடியாமல் போன ஒரு நாள் எனக்கும் வாய்த்தது.

பிரிஞ்சாங் சந்தைக்கு அவரோடு போயிருந்தேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்ட்ராபெரி, சோளம், பூச்சட்டி என்று அடுக்கிய கடைகளுக்கு நடுவே ஒரு மலாய் அம்மாள், மக்சிக் என்று எல்லாரும் அழைப்பார்களே, அப்படியொருவர், சின்னக் கூடையில் கம்பத்துக் கோழி முட்டை, வீட்டில் மேயும் நாட்டுக்கோழி முட்டைதான், விற்றுக்கொண்டிருந்தார். பண்ணை முட்டையைப் போல இரண்டு மடங்கு விலை. அந்த வாரம்தான் எல்லார் கைப்பேசியிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. சின்னப் பண்ணை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கி, கம்பத்து முட்டை என்று விற்கிறார்களாம்.

அக்கா ஒரு முட்டையை எடுத்து, கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தார். விரலில் பழுப்பாக ஏதோ வந்தது.

"சாயம்!" என்றார். பிறகு மலாயில், சந்தை முழுக்கக் கேட்கும்படி, "இது ஏமாத்து வேலை, வாங்காதீங்க!"

வாங்க நின்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். அந்த மக்சிக் கூடையின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா வெற்றி பெற்றவர்போல் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மூடிய கூடை மனத்தை விட்டுப் போகவில்லை.

"ஓடு என்ன நெறம்னாலும் உள்ள ஒன்னுதான், அது கோழியோட ஜாதியப் பொறுத்ததுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க? கைல வந்தது மண்ணா இருந்தா?" என்று கேட்டேன்.

"சாயந்தான்" என்றார். ஆனால் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாளே யாரிடமோ விசாரித்து, ரிங்லெட்டுக்குக் கீழே இருந்த அந்த அம்மாளின் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். வீட்டைச் சுற்றிக் கோழிகள் ஈர மண்ணில் கிளறிக்கொண்டிருந்தன. முட்டைகள் சேற்றுக்கூட்டில் கிடந்தன. கழுவினால் சீக்கிரம் கெடும் என்று அந்த அம்மாள் கழுவாமல் அப்படியே கொண்டுபோய் விற்றிருக்கிறார்.

அடுத்த சந்தையன்று என்னைக் கூப்பிட்டார். போக மனமில்லாமல்தான் போனேன். நேராக மக்சிக்கின் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, போன வாரத்தைவிட உரத்த குரலில் ஆரம்பித்தார். "போன வாரம் இங்க கத்துனது நான்தான். நான் சொன்னது தப்பு! இவங்க கோழிய நான் கண்ணால பாத்தேன்!" மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, தெரிந்த நாலு சீன வார்த்தைகளில் ஒருமுறை. மக்சிக் சங்கடத்தில் நெளிந்து, போதும் போதும் என்று கையைப் பிடித்து இழுத்தார். அக்கா கேட்கவில்லை. கூடை காலியாகும்வரை அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தார். மன்னிப்பையும் சண்டை போலவே கேட்ட ஒரே ஆளை நான் அங்குதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கைப்பேசியில் வரும் முட்டைச் செய்தி எதையும் அவர் நம்பவில்லை. யார் காட்டினாலும், "நேருல பாத்தியா? பாத்துட்டு வந்து சொல்லு" என்பார்.

பிறகு முட்டைத் தட்டுப்பாடு வந்தது.

கோழித்தீவன விலை ஏறிவிட்டது என்றார்கள். பண்ணைகள் கோழிகளைக் குறைத்துவிட்டன என்றார்கள். ரிங்லெட் கடைகளில் முட்டை வைக்கும் தட்டு சில நாள் காலியாகக் கிடந்தது. வந்த நாளில் குடும்பத்துக்கு ஓர் அட்டைதான் என்று கையால் எழுதி ஒட்டினார்கள். அரசாங்கம் ஒவ்வொரு தரத்துக்கும் இவ்வளவுக்கு மேல் விற்கக்கூடாது என்று விலை கட்டியிருந்தது. விலையை ஏற்ற முடியாத சிலர் முட்டையைச் சுருக்கினார்கள். அட்டையில் ஏ என்று இருக்கும். உள்ளே இருப்பது சி.

எங்கள் வட்டாரத்துக்கு முட்டை இறக்கியவர் ரிங்லெட்டில் மொத்தக் கடை வைத்திருந்த ஒருவர். எல்லாரும் அவரை முதலாளி என்பார்கள். கோயில் திருவிழா அன்னதானம் அவருடையது. பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுத்தவர். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவர்தான். அதே தோட்டத்து லைனில் பிறந்து மேலே வந்தவர் என்பதால் ஊருக்கு அவர்மேல் ஒரு பெருமை உண்டு. அக்கா மட்டும் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மூக்கொழுக ஓடித் திரிந்த காலத்திலிருந்து தெரியுமாம்.

ஒரு நாள் காலை சிற்றுண்டிச்சாலையில் லோரி முட்டை இறக்கிவிட்டுப் போயிருந்தது. அக்கா மாவு நிறுக்கும் தராசை மேசையில் வைத்து ஒவ்வொரு முட்டையாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். சிற்றுண்டிச்சாலைக்குப் பொறுப்பாசிரியை நான் என்பதால் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஏ என்று எழுதிய அட்டையில் ஏ தேறியவை மூன்றோ நான்கோதான். என் வீட்டில் இருந்த அட்டையையும் கொண்டு வரச் சொன்னார். அதுவும் அப்படியே.

அவர் அட்டைகளைத் திருப்பி அனுப்பினார். மாலையில் முதலாளியே காரில் வந்து இறங்கினார்.

"அக்கா, நாடு பூரா தட்டுப்பாடு. கெடைக்கிறதே பெருசு. யாரும் ஒன்னும் சொல்லல. நீங்க மட்டும் தராசு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

"தட்டுப்பாடுன்னா எனக்கும் தெரியும் தம்பி. சின்னது வந்தா சின்னதுன்னு சொல்லி, சின்னதுக்கு உள்ள வெலைக்குக் குடு. நான் வாங்கிக்கறேன். சின்னதுக்குப் பெரிய பேரு வைக்காத."

"பண்ணையில அப்படித்தான் அனுப்புறாங்க."

"அப்ப ஒன்னய ஏமாத்துறான். நீ போயி அவன கேளு. நீ கேக்கலன்னா நான் ஒன்னய கேப்பேன்."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "டீச்சர், நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"என் அட்டையும் அப்படித்தாங்க இருந்துச்சு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு காரில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். விலைவாசியைக் கருதி நாசி லெமாக்கில் பாதி முட்டை வைக்கலாம் என்று முதலாளியே முன்மொழிந்தார். தலைமையாசிரியர் நல்லவர்தான். ஆனால் கூட்டத்தில் யாருடைய குரல் உயர்ந்தாலும் அவருக்கு வியர்த்துவிடும். "நல்ல யோசனை. யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்றார் வேகமாக.

அக்கா பின்வரிசையிலிருந்து எழுந்தார். கைப்பையிலிருந்து தராசை எடுத்து மேடை மேசைமேல் வைத்தார்.

"பாதியா அறுக்க வேணாம் சார். நேர்மையா எட போட்டு, சின்ன முட்டைய சின்ன வெலைக்கு எறக்குனாலே ஆளுக்கு ஒன்னு முழுசா குடுக்கலாம். எங்களுக்குப் பெரிய முட்டை வேணாம். முழுசா வேணும். தம்பி இங்கதான இருக்கு. அதோட கடை முட்டைய இப்பவே நிறுப்போம். ஏ எடை இருந்துச்சுன்னா நாளையிலேர்ந்து நான் வாயே தொறக்கல."

முதலாளியின் காது மடல் சிவந்தது. தலைமையாசிரியர், "இது கூட்டத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம், அம்மா, உக்காருங்க" என்றார். அக்கா உட்காரவில்லை. கூட்டம் முடியும்வரை நின்றுகொண்டேயிருந்தார். பாதி முட்டைத் தீர்மானம் கையை உயர்த்தி நிறைவேறியது. உயராத கைகளில் என்னுடையதும் ஒன்று. தலைமையாசிரியர் அதைக் கவனித்தார்.

மறுநாள் சிற்றுண்டிச்சாலையில் முழு முட்டைதான் இருந்தது.

அதன் பிறகு நடந்தது எளிதானதாக இல்லை. முதலாளி சிற்றுண்டிச்சாலைக்கு முட்டை இறக்குவதை நிறுத்தினார். அடுத்து, லைன் பக்கத்துச் சிறு கடைக்கும் நிறுத்தினார். அந்தக் கடையில்தான் தோட்டத்து வீடுகள் முட்டை வாங்கிக்கொண்டிருந்தன. மழையில் ரிங்லெட்வரை போக முடியாத பெண்களின் கோபம் அக்கா மேல்தான் திரும்பியது.

குழாயடியில் ஒரு பெண் நேருக்கு நேராகவே சொன்னதாகக் கேள்வி. "ஒன் வாயால எங்க வூட்டுல புள்ளைங்களுக்கு முட்டை இல்ல."

அன்று அக்கா இடைவேளையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் வெறுமனே நின்றிருந்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை.

"விட்டுடலாமே அக்கா" என்றேன். "எல்லாருக்கும் கஷ்டம்."

"அவ சொன்னது நெசந்தான டீச்சர்" என்றார். "நான் கேட்டேன். அவ வூட்டுல முட்டை போச்சு. அப்ப முட்டையும் நான்தான் கொண்டாரணும்."

மறுநாள் விடியலில், தாப்பாவுக்குக் காய்கறி ஏற்றி இறங்கும் லோரி ஒன்றில் ஏறிப் போய்விட்டார். கீழே பண்ணைக்காரர்களிடம் நேராகப் போய் நின்றிருக்கிறார். ஏ முட்டை எங்கும் இல்லை. யாரும் சீந்தாத மிகச் சின்ன முட்டைகள், இளங்கோழி முதன்முதலில் இடுபவை, கொஞ்சம் கிடந்தன. அதையெல்லாம் சின்ன விலைக்கே பேசி வாங்கி, திரும்பி வரும் லோரியில் அட்டைகளைக் கயிற்றால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தார். வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்துப்போயிருந்தது. உடைந்தவை இரண்டோ மூன்றோதான்.

சிற்றுண்டிச்சாலைப் பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: இன்று சின்ன முட்டை. முழு முட்டை.

மீதியை லைனில் வீடு வீடாகக் கொண்டுபோனார். வாங்கிய விலைக்கே கொடுத்தார். கொடுக்கும்போதும் சும்மா கொடுக்கவில்லை. "கூர் முனை கீழ இருக்கற மாதிரி வையி. இப்பவே கழுவாத, சமைக்கறப்ப கழுவு. அவிக்கிறதுக்குன்னா ஒரு வாரம் கழிச்சு அவி, புது முட்டைக்குத் தோலு ஒழுங்கா வராது. மஞ்சக்கரு வெளுப்பா இருக்கேன்னு வந்து கேக்காத, அது கோழி தின்ன தீனி." குழாயடியில் சண்டை போட்ட பெண்ணின் வீட்டுக்கும் போனார். அங்கே பாடம் எடுக்காமல் அட்டையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்து, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

அந்த ஆண்டு முடியும்வரை வாரம் ஒருமுறை அவர் கீழே இறங்கினார். பிள்ளைகளுக்கு முழு முட்டை கிடைத்தது.

ஆண்டு முடிவில் சிற்றுண்டிச்சாலைக் குத்தகை அவரிடமிருந்து போனது.

சங்கத் தீர்மானத்தை மீறினார் என்று காரணம் சொன்னார்கள். புதிதாக வந்தவர் ரிங்லெட்டைச் சேர்ந்த ஒருவர், முதலாளியின் கடையில்தான் சரக்கு எடுப்பவர். தன்னுடைய பாத்திரங்களைக் கொண்டுபோக அக்கா வந்த நாளில், கணவரும் கூட வந்திருந்தார். அன்று அவர் இரண்டு கடை தள்ளி நிற்கவில்லை. பெரிய அண்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளி நடுக்கூடத்தின் வழியாகவே நடந்தார்.

"வருத்தமா இருக்காக்கா?" என்று வாசலில் கேட்டேன்.

"இல்லன்னு சொன்னா பொய்யி. காலையில எந்திரிச்சா எங்க போறதுன்னு தெரியல." பிறகு என்னைப் பார்த்து முறைத்தார். "அதுக்காக அன்னிக்கு ஒக்காந்திருக்கணும்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்லைக்கா."

"ம்."

புதிய பள்ளி ஆண்டு தொடங்கியது. நாசி லெமாக்கில் பாதி முட்டை. சில நாள் கால்வாசி. சில நாள் முட்டைக்குப் பதில் சிவப்பாக ஒரு சாசேஜ் துண்டு.

முதல் வாரம் போயிற்று. இரண்டாம் வாரம் ஒரு காலை, இடைவேளையில் சிற்றுண்டிச்சாலைக்குள் நுழைந்தபோது டொக், டொக் என்று சத்தம் கேட்டது. பிள்ளைகள் மேசை விளிம்பில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் பாதிப் பள்ளி. அதற்கு மறுநாள் ரிங்லெட் பிள்ளைகள்கூட. யார் முதலில் கொடுத்தனுப்பியது என்று நான் எல்லாத் தாய்மாரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. குழாயடிப் பெண் மட்டும், "ஏன் டீச்சர், கெண்டின்லதான் பாதி முட்டை. வூட்டுலேர்ந்து முழு முட்டை கொண்டாரக் கூடாதுன்னு எங்கயும் தீர்மானம் போடலயே?" என்றாள்.

எங்கும் ஓடு. மேசையில், தரையில், சாக்கடையில், பிள்ளைகளின் சட்டைப்பையில். தலைமையாசிரியர் சபைகூடலில் ஓடு போடக்கூடாது என்று பேசினார். முட்டை கொண்டுவரக்கூடாது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. எந்தப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது? புதிய குத்தகைக்காரரின் பொட்டலங்கள் அப்படியே இருந்தன. முதலாளி ஒருநாள் வந்து, கூடத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். அவருடைய மகளும் அங்கேதான் படித்தாள். அவள் கையிலும் ஒரு முட்டை இருந்தது. அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

செய்தி அக்காவை எட்டியிருக்க வேண்டும். ஒரு நாள் இடைவேளையில் பள்ளி வேலிக்கு வெளியே கம்பளிச் சட்டை தெரிந்தது. கண் கலங்குவார், பிள்ளைகளைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, அவள் கடித்த முட்டையை வேலிக்கம்பி வழியாக வாங்கிப் பார்த்தார்.

"மஞ்சக்கருவ சுத்தி பச்சையா இருக்கு பாருங்க டீச்சர். மலையில தண்ணி கொதிச்சாலும் சூடு கம்மிதான், கொஞ்சம் கூட நேரம் வேகணும்னு சொன்னேன். அதுக்காக இப்படியா, மறந்து போற வரைக்கும் வேக வைக்கிறது? யாரு வூட்டு முட்டை இது?"

சிறுமி அம்மாவின் பெயரைச் சொன்னாள். அக்கா அப்படியே லைன் பக்கம் நடந்தார், சண்டை போட.

குத்தகைக்காரர் பள்ளி விடுமுறைக்குள் கடையைக் காலி செய்துவிட்டார். முதலாளி தலைவர் பதவியில் அடுத்த முறை நிற்கவில்லை. வியாபாரம் பெருகிவிட்டதாகக் காரணம் சொன்னார். அவருடைய லோரி மறுபடி லைன் கடைக்கு வந்தது. சி முட்டை சி என்ற எழுத்தோடும் சி விலையோடும் இறங்கியது. அன்று அக்காவும் கடைக்குப் போய் தராசு வைத்தாராம். வைத்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குன்னு தம்பிகிட்ட சொல்லு" என்று டிரைவரிடம் சொல்லியனுப்பினாராம்.

தலைமையாசிரியர் அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். பொறுப்பாசிரியை என்று என்னையும் உட்காரவைத்தார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளியே மூடுபனி இறங்கி, எதிர்ச் சரிவின் தேயிலை தெரியவில்லை.

"கெண்டின நீங்களே திரும்ப எடுத்து நடத்துங்க அம்மா. பிள்ளைகளுக்கும் அதான் விருப்பம். எனக்கும்தான்." அவர் தொண்டையைச் செருமினார். "ஒரே ஒரு வேண்டுகோள். இனிமே கூட்டத்துல, நாலு பேர் முன்னால, இப்படித் தராசெல்லாம் கொண்டுவந்து... சண்டை வேணாமே. சரியா?"

அக்கா உண்மையிலேயே யோசித்தார். தன்னால் அப்படி ஒரு வாக்குக் கொடுக்க முடியுமா என்று மனத்துக்குள் எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தலைமையாசிரியர் அதற்குமேல் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

"அத நான் இப்ப எப்படி சார் சொல்றது?" என்றார் கடைசியில். "வர்ற முட்டையப் பொறுத்தது."